சாமியறையில் ஒரு மதர்போர்டு

புது மதர்போர்டின் பெட்டியைத் திறந்தால் மூக்கில் ஏறும் ரசாயன வாசத்தோடு, எங்கள் வீட்டில் சந்தனமும் சாம்பிராணியும் கலந்துகொண்டன. நாங்கள் அப்போது மலேசியாவில், சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய கெலாங் பாத்தாவில் இருந்தோம்; எனக்குப் பதின்மூன்று வயது. படம் வரைவதென்றால் உயிரை விடும் அக்கா, பள்ளி முடித்து, வீட்டிலிருந்தே படிக்கும் அனிமேஷன் வகுப்பில் சேர்ந்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் கணினி தயாராகாவிட்டால் வகுப்பு இல்லை. சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு ஆளேற்றும் வேனில் அவளுக்கு இடம் சொல்லிவைத்திருந்தார் அப்பா.

கணினியின் மூளையான 'பிராசசரை' மாமா அனுப்பிவிட்டார். அதைப் பொருத்த மதர்போர்டு வேண்டும். ஆனால் அன்று சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு பிராசசரையும் அம்மா சாமியறையில் அடுக்கிவிட்டார்.

"பூஜையில வச்சத நடுவுல எடுக்கக்கூடாது. அந்த போர்டையும் இன்னிக்கே வாங்கிட்டு வாங்க, சேத்து வச்சாத்தான் சேந்து வேல செய்யும்."

எதற்குப் பொருத்தமாக வாங்க வேண்டுமோ அதை வீட்டில் விட்டுவிட்டு, ஜொகூர் பாரு கடையில் போய் நின்றோம். "எந்த சாக்கெட்?" என்று, பிராசசர் உட்காரும் இடத்தின் வகையைக் கேட்டார் சீனக் கடைக்காரர். அக்கா ஓர் எண்ணைச் சொன்னாள். உடனே இல்லையென்று இன்னொன்றைச் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் அலமாரியைப் பார்த்தேன். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் மலாயில் சொன்னதும்தான் அப்பாவுக்கு உயிர் வந்தது. "அப்புறம் என்ன, நல்லா கனமா இருக்கறதா எடும்மா!"

வீட்டில் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரு சதுரம், அதன்மேல் கறுப்பு மூடி. "மூடியோடவா சாமிகிட்ட வப்பாங்க?" என்று கழற்றி, அந்தச் சதுரத்தில் விரலை அழுத்திச் சந்தனப் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் இட்டார். அடியில் முடியைவிடச் சன்னமான கம்பிகள் நின்றது எங்களில் யாருக்குத் தெரியும்?

மறுநாள் பிராசசர் அதில் உட்காரவே இல்லை, வகையே வேறு. மூடியை மறுபடி மாட்டி மாற்றப் போனால், கடைக்காரர் அதைத் திறந்து "அலமாக்!" என்றார். கம்பிகளெல்லாம் சந்தனத்தில் மடிந்து கிடந்தன. "தக் போலே லா, அங்கிள்," என்று கையை விரித்துவிட்டார். மாற்ற முடியாது. இன்னொன்று வாங்கவும் வழியில்லை.

"நல்லதுக்குத்தானேடி செஞ்சேன்," என்று அம்மா காரில் அழுதார். "ஒரு மாசம் வேலைக்குப் போறேன்மா, வேற வாங்கிக்கலாம்," என்றாள் அக்கா. திங்கட்கிழமை வேன் வந்தது.

சம்பளம் வந்தது, சரியான போர்டும் வந்தது. வகுப்புதான் கைவிட்டுப் போயிருந்தது. அந்தக் கணினியில் படித்து ஆளானவன் நான். அக்கா இன்றும் சிங்கப்பூர் போய்வருகிறாள். யாரைக் கோபிப்பது என்று இத்தனை வருஷமாகியும் எனக்குப் புரியவில்லை.

போன வாரம் அவள் மகள் காகிதத்தோடு வந்து, "ம்மா, ஒரு பூனை வரைஞ்சு குடும்மா," என்றாள்.

"அம்மாவுக்கு வரையவெல்லாம் தெரியாதுடா கண்ணு," என்று அக்கா என்னைக் காட்டினாள். "மாமாகிட்ட கேளு."