தேவானையின் காந்த வைத்தியம்

எழுபத்து மூன்றாம் வருஷமோ நான்கோ இருக்கும். மயிலாப்பூர் லஸ் முனையில், ஒரு மருந்துக் கடையின் படியோரமாகக் கண்ணாடிப் பெட்டி வைத்து முருகையன் வாட்ச் ரிப்பேர் பார்த்துவந்தான். அப்போதெல்லாம் லஸ்ஸில் இந்த நெரிசல் ஏது? பஸ் வராத நேரத்தில், அவன் பெட்டிக்குள் பத்து வாட்ச் ஓடுகிற சத்தம் ரோட்டுக்கே கேட்கும். கேட்டவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

முருகையனுக்கு வாய் நீளம். அந்த வாய்க்குத் தீனி போட்டவர் ஆழ்வார்பேட்டை நாகராஜ் சார், ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர். பென்ஷன் வாங்க ஆரம்பித்ததும் அவருக்குக் காந்த வைத்தியப் பித்து பிடித்துவிட்டது. சாயங்காலமானால் பெட்டி முன்னால் வந்து நிற்பார்.

"ரத்தத்துல இரும்பு இருக்கு முருகையா. காந்தம் அதை இழுத்து ஓட விடும். வலி தானா போயிடும்."

"அப்ப ஆணி முழுங்கினவன் பறந்துக்கினு போவானா சார்? காந்தம் பட்டா வாட்சு ஃபாஸ்ட்டா ஓடும். அதுக்கு மேல அதுக்கு ஒரு எழவும் தெரியாது."

இப்படிப் பேசியவன்தான் ஒருநாள் அவரிடமே துணி உறை போட்ட இரண்டு வட்டக் காந்தங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மனைவி தேவானைக்கு வலது முழங்காலில் ஓயாத வலி. ஆஸ்பத்திரி என்றாலே, காலை எடுத்துவிடுவார்கள் என்று பயந்தாள். காந்தத்துக்குத்தான் தலையாட்டினாள்.

தினம் காலையில் பத்து நிமிஷம் இரண்டு பாதங்களையும் காந்தத்தின் மேல் வைத்திருக்க வேண்டும். அவளால் குனிய முடியாது. முருகையன்தான் தரையில் உட்கார்ந்து, பாதத்தை எடுத்து வைத்துப் பிடித்துக்கொள்வான். முதல் நாள் அவளுக்கு உடம்பே கூசிப்போயிற்று.

"இன்னாய்யா நீ, பொஞ்சாதி காலப் புடிச்சிக்கினு. யாராவது பாத்தா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். ஆடாம உக்காரு."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். விடிந்தால் நாஷ்டாவை விழுங்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் அவன். இப்போது பத்து நிமிஷம் நகர வழியில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ பாடும். வெளியே குழாயடிச் சண்டை நடக்கும். கடைக்கு வந்தவர்களைப் போல நடித்துக் காட்டுவான்; அவள் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். வயதான பிறகு முருகையன் நினைத்து நினைத்து ஏங்கியதெல்லாம் அந்தக் காலைகளுக்காகத்தான். ஒரு மாதம் போனதும், வலி பாதியாகிவிட்டது என்றாள்.

முருகையனுக்கு அது பொறுக்கவில்லை. பெண்டாட்டி குணமாக வேண்டும்; ஆனால் நாகராஜ் சார் ஜெயித்துவிடக் கூடாது. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. போதாக்குறைக்கு, ரிப்பேர் முடித்துச் சட்டைப் பையில் போட்டிருந்த இரண்டு வாட்ச்கள், அவன் தினம் அவள் காலடியில் குனிந்ததில் காந்தம் ஏறித் தறிகெட்டு ஓடின. மந்தைவெளி லேத்துப் பட்டறையில் அதே அளவில் இரண்டு இரும்பு வட்டுகளைக் கடைந்து வாங்கினான். அவளுக்குத் தெரியாமல் உறையைப் பிரித்து, காந்தத்தை எடுத்துவிட்டு இரும்பை வைத்துத் தைத்தான். மூன்று மாதம் பொறுத்துக் கேட்டான்.

"இப்ப எப்படி கீது?"

"நல்லா கீதுய்யா. வலியே தெரியல."

அன்று சாயங்காலமே நாகராஜ் சாரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தான். "மூணு மாசமா வெறும் இரும்பு சார். எங்க போச்சு உங்க காந்தம்?" அவர் வாங்கிய டீயைக் குடிக்காமலே போய்விட்டார். முருகையன் கால் தரையில் பாவாமல் வீடு திரும்பினான்.

பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா. மாடவீதிக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த தேவானை, கால் மடங்கிக் கீழே விழுந்தாள். ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் கடுத்தது.

"மூட்டுல காசநோய். எலும்பை அரிச்சிடுச்சு. முன்னாடியே வந்திருந்தா ஊசி மருந்துலயே காப்பாத்தியிருக்கலாம். இனிமே இந்தக் கால் மடங்காது. நடுவுல வலி குறைஞ்சுதா?"

"ஒருநாளும் குறையலம்மா" என்றாள் தேவானை.

டாக்டரம்மா நகர்ந்ததும் முருகையன் கேட்டான். "அப்ப ஏன் எங்கிட்ட குறைஞ்சுதுன்னு சொன்ன?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "குறையலன்னா, இது வேலைக்கு ஆவாதுன்னு தூக்கிப் போட்ருப்ப. காலைல எழுந்ததும் நீ பாட்டுக்குப் போயிருப்ப."

 ஒரு காலைக் கொடுத்து அவனிடம் அவள் வாங்கியது தினம் பத்து நிமிஷம். அதை அவன் சும்மாவே கொடுத்திருக்கலாம்.