சித்தப்பாவின் பிரிக்காத பெட்டி

"உங்க ஆஸ்பத்திரியில மனுஷங்களுக்கு மட்டும்தான் எக்ஸ்ரே எடுப்பீங்களா?" என்று சித்தப்பா கேட்டார்.

தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் யாரிடம் கேட்கிறார் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. சாப்பாட்டு மேசையில் இருந்தது சித்தப்பா, சித்தி, அவள் மூவரும்தான். எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்ப்பவள் அவள் ஒருத்திதான்.

"ஆமா சித்தப்பா. மனுஷங்களுக்கு மட்டும்தான்."

"நாய், பூனை?"

"அதுக்குத் தனி ஆஸ்பத்திரி இருக்கு."

"பெட்டி?"

"எந்தப் பெட்டி?"

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். ஒரு அட்டைப் பெட்டி. உள்ள ஒரு கேசட். அந்தக் கேசட்ல ஸ்க்ரூ இருக்கா இல்லையான்னு வெளியிலிருந்து தெரியுமா?"

"தெரியும். இரும்பு பளிச்சுனு விழும்."

சித்தி கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்தப் பெட்டிதானே? முதுகு வலிக்குது, முதுகு வலிக்குதுன்னு நான் இங்க கத்திக்கிட்டே இருக்கேன். அதுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கணும்னு தோணல. பெட்டிக்கு எக்ஸ்ரேயா?"

"உன் முதுகுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். பெட்டியில என்ன இருக்குன்னுதான் தெரியாது."

"என் முதுகுல என்ன இருக்கு?"

"தையல் மிஷின்."

சித்தி வீட்டிலேயே துணி தைப்பவள். அவள் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா அண்ணன் மகளின் பக்கம் சற்றே சாய்ந்தார். "உன்கிட்ட ஏன் கேக்குறேன்னா, நீ யார்கிட்டயும் சொல்லமாட்ட."

"அவ எங்க சொல்லப் போறா? கல்லுளிமங்கி" என்றாள் சித்தி. "வீடு தீப்பிடிச்சாக்கூட, யாராவது கேட்டாத்தான் சொல்லுவா."

"பாக்கலாம் சித்தப்பா" என்றாள் அவள். அவள் 'பாக்கலாம்' என்றால் சரி என்று அர்த்தம். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சித்தப்பாவுக்குப் பல் கட்டும் வேலை. மருத்துவர்கள் வாயிலிருந்து அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவர் ஒரு குறுகிய மாடி அறையில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பல் செட் செய்து கொடுப்பார். அச்சோடு வரும் சீட்டில் ஒரு எண் மட்டுமே இருக்கும். அந்த ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறார், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாரா, கோபத்தை வாய்க்குள்ளேயே அடக்கி வைக்கிறவரா என்பதையெல்லாம் அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் ஆளைப் பார்த்ததில்லை. ஒருமுறை பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் வாய்விட்டுச் சிரித்தபோது, "அது நான் செஞ்சது" என்று சித்தியின் காதில் சொன்னார். சித்தி தொடையில் கிள்ளினாள்.

வேலை போக மிச்ச நேரம் முழுவதும் அவருக்கு ஒரே ஒரு விளையாட்டு. பழைய கம்ப்யூட்டர்களில் ஆடும் விளையாட்டு அது. பெயர் 'கலங்கரை விளக்கம்'. சில புள்ளிகளால் ஆன ஒரு குட்டி மனிதன், எண்ணெய்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி உச்சியில் விளக்கேற்ற வேண்டும். வழியில் நண்டுகள் வரும். அவ்வளவுதான் கதை.

இதன் விதவிதமான பதிப்புகளைச் சேர்க்கத் தொடங்கியது ஒரு தவறால். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். கூடவே, அந்தக் காலத்தில் பாட்டைப் போலவே கேசட்டில் விற்ற இந்த விளையாட்டையும் வாங்கினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது வேறு கம்ப்யூட்டருக்கான கேசட். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு ஒருவராக இருந்தால் கேசட்டைத் தூக்கிப் போட்டிருப்பார். சித்தப்பா அந்த வேறு கம்ப்யூட்டரைத் தேடி வாங்கினார். பிறகு முதல் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறதே என்று, அதற்கான கேசட்டையும் வாங்கினார். "பொத்தான் கிடைச்சுதுன்னு சட்டை தைச்ச ஆளு" என்று சித்தி அக்கம்பக்கத்தில் இவரை அறிமுகப்படுத்துவது வழக்கம்.

இன்று அந்த விளையாட்டின் பதிப்புகள் ஒரு சுவர் முழுக்க நிற்கின்றன. கேசட், ஃப்ளாப்பி, கம்ப்யூட்டரில் அப்படியே செருகும் கார்ட்ரிட்ஜ் எல்லாம் உண்டு. எல்லாம் ஒன்றுதானே என்று கேட்பவர்களிடம் அவர் கோபப்படுவதில்லை, உட்காரச் சொல்வார். அது அதைவிட மோசம். ஒன்றில் குட்டி மனிதன் பச்சை, இன்னொன்றில் நீலம். ஒன்றில் நினைவகம் போதாமல் நண்டுகளையே எடுத்துவிட்டார்கள். யாரும் துரத்தாமலே அவன் வேர்க்க விறுவிறுக்க ஓடுகிறான். மற்றொன்றில் நண்டுகள் இருக்கின்றன, அவனுக்குத்தான் பாதம் இல்லை. ஒரு நாட்டில் விற்ற பெட்டியின் அட்டையில் நீச்சலுடையில் ஒரு பெண் நிற்கிறாள். விளையாட்டுக்குள் அப்படி ஒரு பெண்ணே கிடையாது.

அவர் ஆடவும் செய்வார். ஆனால் எந்தப் பதிப்பிலும் மூன்றாம் மாடியைத் தாண்டியதில்லை. நண்டு இல்லாத பதிப்பில் படியிலிருந்து விழுந்துவிடுவார்.

சுவரில் ஒரே ஓர் இடம் காலி. சொற்பமாக விற்று, சீக்கிரமே நின்றுபோன ஒரு கம்ப்யூட்டருக்காக வெளிவந்த பதிப்புக்கான இடம் அது. அதில் மட்டும் விளக்கு உண்மையாகவே மினுக்கும் என்பார்கள். கம்ப்யூட்டரை எப்போதோ வாங்கி வைத்துவிட்டார், விளையாட்டுதான் கிடைக்கவில்லை. சித்தி தன் கத்தரிக்கோலை அங்கேதான் வைப்பாள். "கை நீட்டினா எடுக்கிற மாதிரி வாட்டமா இருக்கு" என்பாள்.

அந்தப் பதிப்பு கண்ணாடிக்காரரிடம் இருந்தது. பக்கத்து ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். இதே விளையாட்டைச் சேர்ப்பவர். அவர் பணத்துக்கு அசையவில்லை. "உங்ககிட்ட இருக்கிற அந்தப் பிரிக்காத பெட்டிய குடுங்க, இத எடுத்துக்குங்க" என்றார்.

பிரிக்காத பெட்டி என்பது, மூடப்போகும் கடை ஒன்றின் பரணிலிருந்து சித்தப்பாவுக்குக் கிடைத்தது. மேலே சுற்றிய கண்ணாடித்தாள் கிழியாமல் அப்படியே இருந்தது. பெட்டி சாதாரணமானதுதான். ஆனால் சேர்ப்பவர்கள் நடுவே ஒரு பேச்சு உண்டு. விளையாட்டை வெளியிட்ட கம்பெனி இழுத்து மூடப்பட்ட கடைசி மாதங்களில், அவசரத்தில் கேசட்டை மாற்றிப் போட்டுவிட்டார்களாம். ஐந்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிய கேசட் இருக்க வேண்டிய பெட்டியில், வேறு கம்ப்யூட்டருக்கான, ஸ்க்ரூ இல்லாமல் பசையால் ஒட்டிய கேசட் போய்விட்டதாம். வாங்கியவர்கள் திட்டிக்கொண்டே தூக்கிப் போட்டுவிட்டார்கள். பிரிக்காமல் அப்படி ஒரு பெட்டி எங்காவது இருந்தால் அதற்கு ஈடே கிடையாது. சித்தப்பாவின் பெட்டி அந்தக் கடைசி மாதங்களில் வெளிவந்தது.

மாறிய கேசட் இருந்தால் பெட்டியைக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம். சரியான கேசட் இருந்தால் கொடுக்காமல் இருப்பது பைத்தியக்காரத்தனம். பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வழியில்லை. பல் வேலைக்கு மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தார். மழைக்காலத்தில் ஓர் எடை காட்டியது, வெயில் காலத்தில் வேறோர் எடை. குலுக்கிப் பார்க்கலாமே என்றாள் சித்தி. குலுக்குவது மரியாதையில்லை என்றார். கண்ணாடிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் சாப்பாட்டு மேசையில் எக்ஸ்ரே பேச்சு வந்தது.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் காலையில் முதல் நோயாளியைக் கூப்பிடுவதற்கு முன், இயந்திரம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைக் கட்டையைப் படம் எடுப்பார்கள். வெள்ளிக்கிழமை காலை அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தாள். பெட்டியைச் சித்தப்பா ஒரு தலையணை உறைக்குள் போட்டு, கைக்குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்திருந்தார். கொடுக்கும்போது, "தலைகீழா வைக்காத" என்றார். கையில் கட்டுப் போட்டவருக்கும் இருமிக்கொண்டிருந்தவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திரையில் படம் விழுந்தது. நாடாச் சக்கரங்கள் இரண்டும் மங்கலாக, கண் முழித்துப் பார்ப்பதுபோலத் தெரிந்தன. மூலைக்கு ஒன்றாக நான்கு ஸ்க்ரூ. கீழே நடுவில் ஐந்தாவது. சரியான பெட்டியில் சரியான கேசட். சந்தேகத்துக்கே இடமில்லாத, ஊரெல்லாம் கிடைக்கிற பெட்டி.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தாராளமாகக் கொடுத்துவிடலாம். சித்திதான் கத்தரிக்கோலுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். படத்தை அழித்துவிட்டு, கட்டையை மட்டும் மறுபடி எடுத்துவிட்டு, கதவைத் திறந்தாள்.

சித்தப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் கையைத் தூக்கினார். "சொல்லாத."

"சித்தப்பா?"

"அந்தப் பக்கம் திரும்பு. வாயைக் காட்டாத, பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும். மாஸ்க் இருக்கா?"

சட்டைப் பையில் இருந்தது. போட்டுக்கொண்ட பிறகுதான் அவளை நேராகப் பார்த்தார்.

"உள்ள சரியானது இருந்து, அது தெரிஞ்சே குடுத்தா, நான் கண்ணாடிக்காரர ஏமாத்துறேன். மாறினது இருந்து, அது எனக்குத் தெரிஞ்சா, என்னால குடுக்க முடியாது. தெரிஞ்சா ரெண்டு பக்கமும் இடிக்குது."

"அப்ப எதுக்கு எடுக்கச் சொன்னீங்க?"

"எடுக்கிறதுக்கு முன்னாடி இது தோணல."

இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்திவிட்டு, "வீட்டுல யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். "பெட்டிக்கு" என்றார் சித்தப்பா. தலையணை உறையை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமையும் அவள் மாஸ்க்கோடுதான் வந்தாள். சித்தப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார். சளி என்று நினைத்து, சித்தி அவளைச் சமையலறையில் உட்காரவைத்து ஆவி பிடிக்க வைத்தாள். கண்ணாடிக்காரர் வந்தபோது அவள் முகம் வெந்து சிவந்திருந்தது. மாஸ்க் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் ஒல்லியான, சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்ட மனிதர். தன் கார்ட்ரிட்ஜைத் துணியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். சித்தப்பா பெட்டியை எதிரே வைத்தார். இருவரும் தொடவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும்" என்றார் சித்தப்பா. "இது என் அண்ணன் பொண்ணு. எக்ஸ்ரே எடுக்கிற பொண்ணு. உள்ள என்ன இருக்குன்னு இவ பாத்துட்டா. எனக்குத் தெரியாது. நான் கேக்கல. நீங்க கேக்கலாம். கேட்டா சொல்லிடுவா. அப்புறம் வேணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எக்ஸ்ரே பட்டா நாடாவுக்கு ஒண்ணும் ஆகாதேம்மா?"

"ஆகாது சார்."

"படம்?"

"அழிச்சிட்டேன்."

அவர் நெடுநேரம் பெட்டியையே பார்த்தார். அவர் கேட்டால் சித்தப்பாவின் காலி இடம் காலியாகவே இருந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். சித்தப்பா வந்தவருடைய தாடையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றார் கண்ணாடிக்காரர். "நான் எப்படியும் பிரிக்கப் போறதில்ல. கேட்டுட்டா அப்புறம் பெட்டிய பாக்கும்போதெல்லாம் ஸ்க்ரூதான் தெரியும்."

"அதேதான்" என்றார் சித்தப்பா. சித்தப்பா ஒருவரோடு அவ்வளவு சுலபமாக ஒத்துப்போனதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. கைமாறியது. சித்தி தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, "என் இடம் போச்சு" என்றாள். சித்தப்பா அந்தக் கார்ட்ரிட்ஜை அதற்குரிய கம்ப்யூட்டரில் போட்டார். விளக்கு உண்மையாகவே மினுக்கத்தான் செய்தது, தூரத்தில், உச்சியில். மூன்றாம் மாடியில் நண்டு பிடித்துக்கொண்டது.

சித்தி அவளைச் சமையலறைக்குள் இழுத்தாள். "ஏன்டி, என்கிட்ட சொல்லேன். நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

"சித்தி, துணி தைக்க ஊரே உங்ககிட்டதான் வருது."

"அதுவும் சரிதான்" என்றாள் சித்தி.

மாலையில் சித்தப்பா அவளோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்தார். அவள் இன்னும் மாஸ்க்கைக் கழற்றவில்லை.  

"இப்ப சொல்லலாமே சித்தப்பா? எல்லாம் முடிஞ்சிடுச்சே" என்று கடைசியில் அவளே கேட்டாள்.

அவர் யோசித்தார். பேருந்து திருப்பத்தில் தெரியும்வரை யோசித்தார்.

"வேணாம்மா. அவரு நல்ல மனுஷன். என்னைக்காவது தாங்க முடியாம உனக்குப் போன் பண்ணிக் கேப்பாரு. கேட்டா மறைக்காத, உள்ளது உள்ளபடி சொல்லிடு. அன்னைக்கும் எனக்குத் தெரியாமலே இருக்கணும்." பேருந்து வந்து நின்றது. அவள் படியில் கால் வைத்தபோது, சத்தத்தை மீறிக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "ஆனா அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வந்தா, மாஸ்க் போட்டுட்டு வா."