பலாப்பழம் போட்ட சட்டை

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு பட்டர்வொர்த் நிலையத்தில் இறங்கினேன். கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ரயில் பயணம். பெட்டிக்குள் குளிர் பற்களைத் தந்தியடிக்க வைத்தது, வெளியே வந்தால் வியர்த்துக் கொட்டியது. நான் சென்னை வியாசர்பாடியில் மாலை வேளைகளில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறவன். ‘வழிதவறும் இளைஞர்களுக்கான சமூகத் திட்டம்’ என்று மேடைகளில் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வழியை யார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் எந்த மேடையிலும் பேசிக் கேட்டதில்லை. ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு இளைஞர் நலக் குழு, தங்கள் திட்டத்தைப் பார்க்க வரச் சொல்லி அழைத்திருந்தது. தங்க இடம் அவர்கள் பொறுப்பு, டிக்கெட் என் பொறுப்பு.

நிலையத்தில் காத்திருந்தவர் கலா; அந்தத் திட்டத்தின் பையன்களுக்குப் பயிற்சி தருகிறவர். நாற்பது வயதிருக்கும். சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அந்த நீலச் சீருடையோடு அப்படியே வந்திருந்தார்.

“வாங்கண்ணே, சாப்டிங்களா? காடி பழசு, ஏசி வேலை செய்யாது. கண்ணாடிய எறக்கிக்குங்க.”

பையன்கள் இருக்கும் பாகான் டாலாம் அங்கிருந்து பத்து நிமிடம்கூட இல்லை. அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் ஒரு மைதானம், அவர்கள் பேச்சில் பாடாங். ஒரு பக்கம் கோல் கம்பம் சாய்ந்திருந்தது. பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒருவன் முதுகில்கூட எண் இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் பழங்கள். துணிச் சாயத்தில் கையால் வரைந்தவை: டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன், பப்பாளி.

“என்னம்மா இது, பழக்கடையா?” என்றேன்.

“நம்பர் போட்டா செத்தோம்ணே. இங்க ஒவ்வொரு கேங்குக்கும் ஒரு நம்பர். எதப் போட்டாலும், ‘நீ அந்த ஆளா’ன்னு ஒருத்தன் வந்து நிப்பான். மாத்தாவும் வந்து நிக்கும். பழத்துக்கு எவன் சண்டைக்கு வருவான்? ‘டுரியானுக்கு மஞ்சள் கார்டு’ன்னு ரெஃப்ரியே எழுதிக்கிறாரு லா.”

மாத்தா என்றால் போலீஸ். இந்த ஊரில் ரவுடிக் கும்பல்களுக்கு எண்தான் பெயர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த எண்களில் ஒன்றையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுக்கு நான் எதற்கு விளம்பரம் செய்ய வேண்டும்?

கோல் காப்பாளன் பிரகாஷ். பதினெட்டு வயது, நெடுநெடுவென்று வளர்த்தி. அவன் முதுகில் இருந்தது பலாப்பழம் என்று சொன்னால்தான் தெரியும். பார்த்தால் முள்ளெலி.

“நானே வரஞ்சது சார்” என்றான்.

அவன் கதையைக் கலாதான் காரில் சொன்னார். பதினாறு வயதில், மோட்டார் சைக்கிள் திருடியவர்களுக்குத் தெருமுனையில் நின்று காவல் பார்த்தான். நீதிமன்றம் அவனை நன்னடத்தைப் பிணையில் விட்டது. அது முடியும் வரை எந்த வம்பிலும் பெயர் அடிபடக் கூடாது. அடிபட்டால் உள்ளே.

“அடுத்த மாசம் முடியுதுண்ணே. ஒரு மாசம். அவன் தும்முனாக்கூட எனக்கு பக்குன்னு இருக்கு.”

மாலை ஆறு மணிக்குப் படகில் தீவுக்குக் கடந்தேன். கட்டணம் இரண்டு வெள்ளி; ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ரொக்கம் வாங்கமாட்டார்கள் என்று கலா தன் அட்டையைத் தட்டி என்னை உள்ளே அனுப்பினார். கால் மணி நேரத்துக்குள் ஜார்ஜ் டவுன் வந்துவிடுகிறது. கடல்காற்று நன்றாக இருந்தது. அன்று நான் எரிச்சலில்லாமல் இருந்த கடைசிக் கால் மணி நேரம் அதுதான்.

குழுவின் அலுவலகத்தில் ஏசி நன்றாகவே வேலை செய்தது. சுவர் முழுக்கத் தலைவரின் படங்கள். மாலையோடு ஒன்று, காசோலையோடு ஒன்று, ஏதோ ஒரு பையனின் தோளில் கைபோட்டபடி ஒன்று. தலைவர் இனிமையாகத்தான் பேசினார். ஞாயிறு மாலை ஆட்டத்துக்கு முன்னால் பையன்களுக்குப் புதுச்சட்டை வழங்கும் விழா என்றார். பிரகாஷை மேடையில் நிறுத்தி, ‘திருந்திய இளைஞன்’ என்று படம் எடுக்கப் போகிறார்களாம். எனக்கும் ஒரு சட்டை கொடுத்தார். மஞ்சள் துணி. மார்பில் இரண்டு கை அகலத்துக்குக் கறுப்பில் இரண்டு இலக்க எண். அதன் கீழே, குழுவின் பெயரும், தொடங்கி இத்தனை ஆண்டுகள் என்பதும் சின்ன எழுத்தில்.

மறுநாள் காலை எட்டு மணி. ஆண்டுக் கணக்குத்தானே என்று நான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தங்கியிருந்த தெருமுனையில் யூசுப் பாய் கடைக்குப் போனேன். தமிழ் முஸ்லிம் கடை. ரொட்டி, தே தாரிக் என்கிற ஆற்றிய டீ இரண்டும் சேர்ந்து ஐந்து வெள்ளிக்குள் முடிந்தது. நான் உட்கார்ந்ததும் எதிர் மேசைக்காரர் தம்ளரைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். ராத்திரி குளித்துவிட்டுத்தானே படுத்தோம் என்று யோசித்தேன். பாய் வந்து குனிந்தார்.

“அண்ணே, ஊருக்குப் புதுசா?”

“மெட்ராஸ்.”

“அதான். இந்த சட்டையப் போட்டுக்கிட்டு எங்கயும் போவாதீங்க. அந்த நம்பர் நல்ல நம்பர் இல்ல. நீங்க வயசானவரு, ஒன்னும் கேக்கமாட்டாங்க. எளவட்டப் பசங்க போட்டா சூசா லா.”

சூசா என்றால் தொல்லை. இதே சட்டை இன்று மாலை பிரகாஷின் மார்பில் ஏறப் போகிறது. ஏறியதும் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள்.

கலாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஞாயிறும் அவருக்கு ஷிப்ட். தொழிற்சாலைக்குள் போனைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட வேண்டுமாம். குழு அலுவலகத்தின் கதவில் பூட்டு தொங்கியது. தலைவருக்கு அடித்தால் மணி மட்டும் அடிக்கிறது. பன்னிரண்டரைக்குக் கலா கூப்பிட்டார். சொன்னேன்.

“லீவு சொல்லிட்டு வரேன். நீங்க முன்னாடி போங்கண்ணே. அவன போட வுடாதீங்க.”

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையை ஒட்டிய மைதானத்துக்கு வாடகைக் காரில் பதினான்கு வெள்ளி. மஞ்சள் சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, என் கட்டம் போட்ட சட்டையில் போனேன். குழுவின் வேன் முன்பே வந்திருந்தது. பையன்களுக்கு வேனிலேயே புதுச்சட்டையைக் கொடுத்து, பழச் சட்டைகளை ஒரு பையில் போட்டு வாங்கி வைத்துவிட்டார்கள். எல்லோரும் மஞ்சளில் தலைகுனிந்து நின்றார்கள். அவர்களுக்குத் தெரியாதா அந்த எண்? பாலர் பள்ளியிலிருந்தே தெரியும். ஆனால் யார் அவர்களைக் கேட்டது?

பிரகாஷ் மட்டும் உள்பனியனோடு வேன் கதவருகே நின்றான். சட்டை மடித்தபடியே கையில் இருந்தது.

“போடலன்னா ஆட முடியாது தம்பி” என்று குழுக்காரர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். “ஸ்பான்சர் கொடுத்தத போடாம இருந்தா மரியாத இல்ல.”

நான் போய், எண்ணைப் பற்றிச் சொன்னேன். விருந்தாளி வேலையைப் பாருங்கள் என்பதைப் பணிவான சொற்களில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாசர்பாடி பாஷையில் நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது, பையன்கள் முன்னால் வேண்டாம் என்று விழுங்கினேன்.

மூன்று மணிக்குக் கலா வந்தார், அதே நீலச் சீருடையில். நேராகத் தலைவரிடம் போனார்.

“சார், இந்த நம்பர் என்னன்னு தெரியுமா?”

“எங்க குழுவோட வருஷம் மா. எங்களப் பாத்தா கேங் மாதிரியா இருக்கு?”

“உங்களப் பாத்தா இல்ல சார். என் பசங்களப் பாத்தா இருக்குமே.”

“ஒவ்வொன்னுக்கும் பயந்தா எப்படி? நல்லது செய்ய வந்தா இப்படித்தான் குத்தம் சொல்றீங்க.”

“போன தைப்பூசத்துல இதே ரோட்டுல உங்க ஆளுங்கதான் நின்னாங்க. நம்பர் சட்டையோட வந்த பசங்கள நிறுத்தி, திருப்பிப் போடுன்னு சொன்னாங்க. நானும் கூட நின்னேன். தெரியாதுன்னு சொல்லாதீங்க சார்.”

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கலா பையன்கள் பக்கம் திரும்பினார்.

“டேய், எல்லாரும் சட்டையத் திருப்பிப் போடுங்க. பிரகாஷ், நீயும் போட்டுக்க. ஆடிட்டுப் போவோம்.”

பதினோரு பேரும் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். எண்ணும் உள்ளே போயிற்று, குழுவின் பெயரும் உள்ளே போயிற்று. தலைவருக்கு எது வலித்தது என்று முகத்திலேயே தெரிந்தது. விழா இல்லை, படம் இல்லை. ஒன்றுக்கு ஒன்று சமமாகி, பெனால்டியில் தோற்றோம். பிரகாஷ் இரண்டைத் தடுத்தான். ஆட்டம் முடிந்து பார்த்தால் வேனைக் காணோம். பழச் சட்டைகள் இருந்த பையும் அதோடு போயிருந்தது. நல்லது செய்ய வந்தவர்களாம்! பையன்களை நடுரோட்டில் விட்டுப் போவதற்கு இவர்கள் அகராதியில் என்ன பெயரோ.

பையன்களை அக்கரையில் விட்டுவர நானும் கூடக் கிளம்ப, மாலை ஆறரைக்குப் படகுத்துறைக்கு வந்தோம். நுழைவாயிலில் இரண்டு போலீஸ்காரர்கள். கலா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“சட்டைய ஏன் திருப்பிப் போட்டிருக்கீங்கன்னு கேப்பாங்கண்ணே. அவன் ஐசி நம்பரத் தட்டுனா எல்லாம் வந்துரும்.”

ஐசி என்றால் அடையாள அட்டை. யோசிக்க என்ன இருக்கிறது? தூணுக்குப் பின்னால் நின்று என் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றிப் பிரகாஷிடம் கொடுத்தேன். தொளதொளவென்று இருந்தது, பார்க்க வங்கிக் குமாஸ்தா மாதிரி ஆகிவிட்டான். பனியனோடு நான் படகேற முடியுமா? பையிலிருந்த மஞ்சள் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். திருப்பிப் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை. கேட்கட்டும், பதில் சொல்கிறேன் என்ற வெறி.

கலா பயந்தபடியேதான் நடந்தது. பையன்களை வரிசையாக நிறுத்தினார்கள். மலாயில் ஏதோ கேட்டார்கள், கலா பதில் சொன்னார், அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. சட்டையை நேராகத் திருப்பச் சொன்னார்கள். எண் வெளியே வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐசி அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார்கள். பிரகாஷ் என் சட்டையில் டிக்கெட் கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டான். அவனை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

என்னையும் யாரும் பார்க்கவில்லை. அதே எண், அதே கறுப்பு, இரண்டு கை அகலத்துக்கு என் மார்பில் இருந்தது. நான் ஒரு போலீஸ்காரரின் மூக்குக்கு நேரே போய் நின்றேன்.

“அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார் ஆங்கிலத்தில், மரியாதையாகவே.

அந்த மரியாதை இன்றும் என் வயிற்றை எரிக்கிறது. பயம் எண்ணைப் பார்த்து என்றால் என்னையல்லவா முதலில் நிறுத்தியிருக்க வேண்டும்?

பையன்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். பட்டர்வொர்த்தில் இறங்கும்போது பிரகாஷ் சட்டையைக் கழற்றப் போனான். வைத்துக்கொள் என்றேன். திங்கள்கிழமை ரயிலேறினேன்.

ஊர் வந்து ஒரு மாதம் கழித்து, கலா குரல் செய்தி அனுப்பினார். பிரகாஷின் பிணை ஒரு கறையுமில்லாமல் முடிந்துவிட்டது. மற்றவர்களுக்கும் இதுவரை எந்தத் தொல்லையும் வரவில்லை. பழச் சட்டைப் பையை நாலு முறை கேட்டு வாங்கினாராம். செய்தியின் கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “குழுவுலேருந்து கூப்டாங்கண்ணே. பிரகாஷுக்குப் பொன்னாட போட்டு படம் எடுக்கணுமாம். பலாப்பழச் சட்டைலதான் வருவேன்னுட்டான். அப்புறம் கூப்டல.”

அன்று மாலை வியாசர்பாடி மைதானத்துக்குப் போனேன். எங்கள் அணிக்கும் புதுச்சட்டை அடிக்க ஒரு கடைக்காரர் பணம் தருகிறார். மார்பில் ‘வியாசர்பாடி’ என்று பெரிதாகப் போட வேண்டும், ஊர்ப் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும் என்று நானே எழுதி, அச்சகத்துக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தேன். ஏதோ தோன்றி, பையன்களை உட்காரவைத்து, சட்டையில் என்ன போடலாம் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அணித் தலைவன்தான் வாயைத் திறந்தான்.

“எது வேணா போடுங்க சார். ஏரியா பேர் மட்டும் வேணாம். அத போட்டுக்கினு பஸ் ஏறுனா, எறங்குற எடத்துல போலீஸ் நிக்கும்.”