நடுவில் வைத்த கோடித் துணி

எனக்குப் பிறந்த முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. ஒன்று பிறக்கும்போதே அழவில்லை. இன்னொன்று அழுதது, பால் குடித்தது, பேர் வைக்கும் முன்பே போய்விட்டது. அறுபதுகளின் கடைசியில், கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் நெல் பயிரிடும் குடும்பத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு நடந்தவை இவை. மூன்றாவது தடவை நாள் தள்ளிப்போனபோது யாரிடமும் வாய் திறக்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது.

மாமியார்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த கையோடு ஒரு வேலையும் கொடுத்தார். பிள்ளை தங்காதவள், பிள்ளைகள் தங்கி வளர்ந்த வீடுகளாகப் பார்த்துப் போய், முந்தானையை ஏந்தித் துணி வாங்கி வர வேண்டும். மடிப்பிச்சை. அந்தத் துணிகளைச் சேர்த்துத் தைத்த மெத்தையில் குழந்தையைக் கிடத்தினால், அது யார் வீட்டுப் பிள்ளை என்று புரியாமல் எமன் திரும்பிப் போய்விடுவானாம். ஒட்டுத்துணி மெத்தைக்கு அவர் சொன்ன பெயர் பொந்த. ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம் என்பதால் எங்கள் வீட்டில் பாதி வார்த்தைகள் அங்கிருந்து வந்தவை.

எனக்கு இதில் துளி நம்பிக்கை இல்லை. திருவள்ளூரில் பிறந்து பள்ளிக்கூடம் போனவள் நான். எமனுக்கு மேல்விலாசம் தெரியாதா என்று கேட்டேன். அத்தை என் வயிற்றையே பார்த்தார். போனேன்.

துணி கேட்பது லேசான காரியம் இல்லை. கேட்கும்போதே 'என் பிள்ளைகள் செத்துப்போயின' என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்வதாக ஆகிறது. சிலர் உடனே கொடுத்தார்கள். சிலர் தங்கள் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கொடுத்தார்கள். எண்ணூர்ப் பக்கம் கம்பெனிக்கு ரயிலேறிப் போகிறவர் வீட்டில் காக்கி கிடைத்தது. தையல்காரர் மனைவி பூப்போட்ட சீட்டித் துண்டுகளை அள்ளித் தந்தாள். மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம் என்று மடி நிறைந்தது, மனசு நிறையவில்லை.

ஆனால் ஊசியைக் கையில் எடுத்ததும் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. தைப்பதுதான் தைக்கிறோம், ஏனோதானோவென்று ஏன் தைக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் சொல்லித்தந்த தினுசுகளை எல்லாம் ஞாபகப்படுத்தி, ஒரு சதுரம் போல இன்னொரு சதுரம் இல்லாமல் தைத்தேன். ஒன்றில் முக்கோணங்கள், ஒன்றில் விசிறி, ஒன்றில் தாயக்கட்டம், ஒன்றில் பாய் முடைந்த மாதிரி கோடுகள். அடியில் அத்தையின் பழைய புடவைகளை மடித்துப் போட்டேன். தைக்கிற நேரத்தில் மட்டும் பயம் கொஞ்சம் தள்ளி நின்றது. நடுச் சதுரத்துக்கு மட்டும் ஏற்ற நிறம் அமையவில்லை.

ஒரு அமாவாசைக்கு அத்தையும் நானும் திருவள்ளூர்க் கோவிலுக்குப் போய்க் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தோம். பக்கத்துத் தெருவில் என்னுடன் படித்தவளின் வீடு. அவள் அப்பா கோவில் கைங்கரியம் செய்பவர், வீடு நிறையப் பிள்ளைகள், எல்லாம் கல்லுக்குண்டாக இருந்தார்கள். அவளுடைய அம்மாவிடம் மடியேந்தினேன். மாமி கண் கலங்கி உள்ளே போய் ஒரு அரக்குச் சிவப்புத் துண்டைக் கொண்டுவந்து போட்டார்.

"பழசு இல்லடீம்மா, கோடித் துணி. பாவாடைக்கு வெட்டினது போக மிச்சம். ஒரு தரம்கூட நனைக்கல."

என் பக்கத்தில் அத்தையின் உடம்பு விறைத்ததை உணர்ந்தேன். மாமி வீட்டில் கோடி என்றால் தண்ணீர் படாத புதுத் துணி. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் வாங்குவது எல்லாம் கோடிதான். எங்கள் ஊரிலோ அந்த வார்த்தை சாவு வீட்டைத் தவிர வேறெங்கும் காதில் விழாது. பிணத்தின் மேல் போர்த்துவது கோடி, தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவருவது கோடி.

பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். அத்தை சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அவங்களுக்கு அது இன்னாவா வேணா இருக்கட்டும், கண்ணு. உன் வயித்து மேல அந்த வார்த்த உழுந்துடுச்சே."

தூக்கி எறியச் சொன்னார். நான் எறியவில்லை. பொந்தயின் நடுவில் அந்த அரக்குச் சிவப்பைத்தான் வைத்தேன். வைத்ததும் மற்ற நிறங்கள் எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. ஒரு நல்ல மனுஷி நல்ல எண்ணத்தோடு கொடுத்ததைச் சாவுத் துணி என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அத்தை பார்த்தார். பிள்ளைக்கென்று தைத்ததைப் பிரிப்பது ஆகாது என்பதும் அவருடைய சட்டம்தான், அதனால் பிரிக்கச் சொல்லவில்லை.

பொந்தயைப் பெட்டியில் வைத்திருந்தேன். நிறைமாதத்தில் ஒரு மத்தியானம் திறந்தால் காணோம். நெல் மூட்டை அடுக்கும் அறையில், அதை விரித்து அத்தை படுத்திருந்தார். தலை சரியாக அரக்குச் சதுரத்தின் மேல் இருந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பிறக்கப்போகிற குழந்தையின் படுக்கையில் வியர்வையோடு படுக்க இவருக்கு எப்படி மனசு வந்தது? கேட்டே விட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"கோடின்னு சொல்லிட்டா அது யாரு மேலயாச்சும் உழுந்துதான் தீரும். என் மேல உழட்டும். வாழ்ந்தவ நானு. நீ போய் சோறு துன்னு."

எத்தனை நாளாக அப்படிப் படுத்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இதெல்லாம் பைத்தியக்காரத்தனம், எழுந்திருங்க அத்தை என்று கெஞ்சினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பொந்த பெட்டிக்குத் திரும்பவே இல்லை.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். பிறந்ததும் வீறிட்டு அழுதாள். வீட்டுக்கு வந்ததும் அத்தை அவளைத் தன் பழம்புடவை ஒன்றில் கிடத்தினார். பொந்த பக்கம் கொண்டுபோகக்கூட விடவில்லை. மகள் புரண்டு படுக்கப் பழகிய சமயத்தில் அத்தைக்கு நெஞ்சு வலி வந்தது. ரொம்ப நாளாகவே இருந்த வியாதி, மறைத்துவிட்டார் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதைத்தான் நான் நம்புகிறேன். நம்பினாலும் அவர் அந்தப் பொந்தயின் மேலேயே கண்ணை மூடியதை நான்தான் பார்த்தேன்.

செத்தவரின் படுக்கையை வீட்டில் வைப்பதில்லை. காரியம் முடிந்ததும் பாய், தலையணையோடு பொந்தயையும் சுருட்டி என் வீட்டுக்காரர் வாசலுக்குக் கொண்டுவந்தார். துணி கொடுத்த பெண்கள் பலர் அங்கே நின்றிருந்தார்கள். ஆசையாகத் தைத்தது, குழந்தை ஒரு நாள்கூடப் படுக்கவில்லை, வேண்டுமானால் இதை மட்டும் வைத்துக்கொள் என்று வீட்டுக்காரர் என்னிடம் மெல்லச் சொன்னார்.

"அது அத்தையோட படுக்கை," என்றேன். "எடுத்துக்கினு போங்க."

இடுப்பில் இருந்த மகள் பாலுக்கு அழ ஆரம்பித்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.