அத்தை கவிழ்த்த சட்டி

என் அண்ணன் பொய்யன். சின்னம்மாவின் பூங்கிழங்கை அத்தை சாம்பல் போட்டுக் கொன்றாள் என்று கல்யாண வீடு, கருமாதி வீடு பார்க்காமல் சொல்லித் திரிகிறான். போன மாதம் பபேடானில் ஒரு கல்யாணப் பந்தியிலும் சொன்னான். அத்தை செத்துப்போனாள், எழுந்து வந்து கேட்கமாட்டாள் என்ற தைரியம். நான் இருக்கிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. நாங்கள் பர்மாத் தமிழர்; அப்பா அலோன் துறைமுகத்தில் மேஸ்திரி. என்னைப் பெற்ற கையோடு அம்மா போய்விட, எங்களை வளர்த்தது அப்பாவின் அக்கா. பிறகு அப்பா கியாக்தான் பக்கத்துப் பர்மாக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். அவள்தான் சின்னம்மா. அவள் கையால் அத்தை தண்ணீர்கூடக் குடித்ததை நான் பார்த்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் சின்னம்மாவின் தாய் இறந்தாள். காட்டிலிருந்து பெயர்த்து அந்த அம்மாள் வளர்த்துவந்த கிழங்கு ஒன்றைச் சின்னம்மா முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் பலாமர நிழலில் நட்டாள். அதன் பர்மியப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, தரைப்பூ என்றோம். சித்திரையில் பூக்கும், முதல் பூவைக் கியாக்தான் ஆற்றுநடுப் பகோடாவில் தன் அம்மா பேருக்கு வைக்கவேண்டும் என்றாள். சொல்லிக்கொண்டே மண்ணை இரண்டு கையாலும் அணைத்தாள். அன்றே அந்தக் கிழங்கை நான் காப்பாற்றுவதென்று முடிவு கட்டிவிட்டேன்.

இலைகள் அகலமாக வளர்ந்தன. அடிப்பக்கம் கத்தரிப்பூ நிறம். தை பிறந்ததும் பழுத்து மடிந்தன. மாசியில் வெறும் மண்தான். செத்துவிட்டதென்று எனக்குப் பயம். யாரும் பார்க்காத நேரம் பார்த்து, தினமும் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினேன். அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றினேன்.

ஒருநாள் மத்தியானம் அத்தை அங்கே குந்தி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி, பக்கத்தில் அடுப்புச் சாம்பல். எதையோ வெட்டினாள், சாம்பலைப் புரட்டினாள், புதைத்தாள், மேலே ஓட்டைச் சட்டி ஒன்றைக் கவிழ்த்தாள். நானும் அண்ணனும் பார்த்தோம்.

"சட்டியத் தொட்டே, கைய ஒடிச்சுப் போடுவேன்டி!" என்றாள் என்னிடம்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அண்ணன் ஓடிப்போய், அத்தை கிழங்கை வெட்டி மந்திரச் சாம்பல் போட்டுவிட்டதாகச் சொன்னான். மந்திரம் அவனாகச் சேர்த்தது. அண்டை வீட்டார் கேட்க அப்பா கத்தினார்.

"அவ மேல கோவம்னா எங்கிட்டக் காட்டுக்கா! செத்தவ குடுத்த கிழங்கு மேல ஏன் காட்டுறே?"

ஒன்றுக்கு ஒன்பது பேசும் அத்தை, "ஆமா, காட்டினேன். இப்ப என்னங்கிறே?" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். சின்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அத்தை முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டாள். பாவம், அவளை வாய் திறக்கவும் விடமாட்டேன் என்கிறாளே என்று எனக்கு ஆத்திரம். அப்பா அத்தையோடு பேசுவதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன்.

சித்திரை பிறந்தது. தெருவெங்கும் பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழா. சின்னம்மா நேராகப் போய்ச் சட்டியைத் தூக்கினாள். இலையுமில்லை, தண்டுமில்லை; வெறும் தரையில் இரண்டு பூக்கள், வெள்ளையில் ஊதா நாக்கு. வாசனை கிணற்றடிவரை வந்தது.

"அமா! வந்து பாரு!" என்று அவள் கூவினாள். பர்மியர் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அத்தை வந்தாள். இருவரும் என்னையும் என் கையிலிருந்த செம்பையும் பார்த்துச் சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பூவைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு பூ பகோடாவுக்குப் போயிற்று. மற்றதைச் சின்னம்மா அத்தையின் சாமி படத்துக்கு வைத்தாள். அத்தை தடுக்கவில்லை. அன்று வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அதைவிட நல்ல நாள் எனக்கு நினைவில்லை.

எனக்குக் கல்யாணமான பிறகு அந்தக் கிழங்கில் ஒரு துண்டை என் வீட்டில் வைத்தேன். மாசியில் ஒருநாள் நான் செம்போடு நிற்கும்போது சின்னம்மா வந்தாள். "இன்னுமா நீ திருந்தல? அன்னிக்கே பாதிய அழுக வச்சே!" என்றாள். தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர் ஆகாதாம். அழுகியதை வெட்டு, சாம்பல் தடவு, மூடி வை என்று அத்தைக்குச் சொல்லிக்கொடுத்ததே சின்னம்மாதான். என் பெயரைச் சொன்னால் அப்பாவின் வார் என் முதுகில் விழும். அதனால் அத்தை பழிக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். அந்த ஏழு வயதில் எனக்கு அவள் முறைப்பு மட்டும்தான் தெரிந்தது.

தண்ணீர் ஊற்றியது நான். இதோ, எல்லோரும் படிக்க எழுதிவிட்டேன். பூத்தது வேறு கிழங்கு, அப்பா வாங்கி நட்டது என்கிறானே அண்ணன், எந்தக் கடையில் வாங்கினார்? எந்தச் சட்டிக்கு அடியில் நட்டார்? வருகிற சித்திரை முதல் நாள் கோவிலில் எல்லோரும் கூடுவார்கள். அங்கே எழுந்து நின்று பதில் சொல்லட்டும்.