ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் டீச்சர் அனுப்பியவள்

என் அக்காவைப் பற்றி வேறு யாராவது ஒரு வார்த்தை குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும். அவளைத் திட்டுவதற்கு எனக்கு மட்டும்தான் உரிமை. அந்த உரிமையை நான் பல வருடங்களாகக் கொஞ்சமும் வீணாக்காமல் பயன்படுத்தி வருகிறேன்.

அக்கா கல்வி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். என்ன வேலை என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு, பேச்சு திக்கும் பிள்ளைக்கு, காது மந்தமான பிள்ளைக்கு அரசாங்கம் தனியாக டீச்சர் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அது உண்டு. ஆனால் தனியார் பள்ளியின் கையில் பணத்தைக் கொடுக்க மாட்டார்கள். டீச்சரைத்தான் அனுப்புவார்கள். எந்தப் பள்ளிக்கு எந்த டீச்சர், எந்தக் கிழமை, எந்த அறை, எந்தப் பிள்ளைகள் என்று இரண்டு பக்கமும் பேசி ஒழுங்கு செய்வதுதான் அக்காவின் வேலை.

"ரெண்டு சம்பந்தி வீட்டுக்கும் நடுவுல நிக்கிற மாதிரிடி. ரெண்டு பக்கமும் எப்பவும் மொறச்சுக்கிட்டேதான் இருப்பாங்க" என்பாள்.

தனியார் பள்ளிகளில் அவளுக்கு 'நாற்காலி மேடம்' என்று பட்டப்பெயர். போனதும் வணக்கத்துக்கு அடுத்தபடியாக, பிள்ளைகள் உட்காரும் நாற்காலி எங்கே என்றுதான் கேட்பாளாம். கால் தரையில் படாமல் தொங்கும் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பது அவளுடைய கட்சி. அறை கொடுக்கச் சொன்னால் பள்ளிகள் எதைக் கொடுக்கும்? மாடிப்படிக்குக் கீழே உள்ள பொந்தையோ, காற்றுப்போன பந்துகள் கிடக்கும் சாமான் அறையையோதான். ஒரு தலைமையாசிரியர், அறிவியல் பாடத்துக்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு நிற்கும் அறையைத் திறந்து காட்டினாராம்.

"இது எந்த வகுப்பு சார் படிக்குது? ரொம்ப நாளா சாப்பிடாம இருக்கு போல" என்று அக்கா கேட்டாள். அவர் சிரித்துவிட்டு ஜன்னல் உள்ள அறையைக் கொடுத்தார்.

இன்னொருவர், "எதுக்கு மேடம் இவ்ளோ அலைச்சல்? பணமா குடுத்துடுங்க, நாங்களே ஆள் வச்சுக்கறோம்" என்றார்.

"பணம் பள்ளிக்கூடத்துக்கு இல்ல சார். பிள்ளைக்கு. பிள்ளை நாளைக்கே வேற பள்ளிக்கூடம் போனா டீச்சரும் கூடவே போகணும்."

ஒரு முறை, தங்கள் டீச்சர் விடுப்பில் போன வகுப்பைப் பார்த்துக்கொள்ள, அக்கா அனுப்பிய டீச்சரை ஒரு பள்ளி உட்கார வைத்துவிட்டது. அக்கா ஆட்டோ பிடித்துப் போய், "எங்க டீச்சர் உங்க வகுப்ப மேய்க்க வரல" என்று சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டாள். அந்த டீச்சர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்கா என்றால் அவருக்கு உயிர்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது, ஊர் வாய். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், மச்சான் நடத்திய பள்ளிக்கே நல்ல டீச்சர்களையெல்லாம் அனுப்பினார் என்று பெயர் கெட்டு வெளியே போனவர். அக்கா வந்த புதிதில் அலுவலகமே அவளைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. அதனால் அவள் எந்தப் பள்ளியிலும் ஒரு வாய் காபி குடிக்க மாட்டாள். தண்ணீர்கூடக் கையோடு கொண்டுபோவாள். நாங்கள் கேலி செய்வோம். "நெருப்பு மாதிரி இருக்கேன்னு நெனப்பு" என்பார் என் வீட்டுக்காரர்.

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு, ஒரு தனியார் பள்ளியில். வாயாடி. அவளுக்குப் படிக்க வரவில்லை என்பது எனக்குத் தெரியவே தெரியாது. நான் பாடத்தை வாசித்தால் அப்படியே காதில் வாங்கிக்கொண்டு, மறுநாள் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒப்பிப்பாள். சரியான இடத்தில் பக்கத்தைப் புரட்டவும் செய்வாள். ஒரு நாள் அக்கா வந்திருந்தபோது, நாங்கள் படிக்காத பாடத்தை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"நீங்க படிங்க பெரியம்மா. நீங்க படிச்சாத்தான் நல்லா இருக்கு."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள்.

"என்னக்கா, இவ படிச்சுடுவாளா?" என்று கேட்டேன். அந்த அலுவலகத்திலேயே இருக்கிறவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

"எல்லாம் வரும்டி. நீ போட்டுப் பிடுங்காத" என்றாள்.

நான் நம்பினேன். மகளுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. பொம்மைக்கு, தலையணைக்கு, தூங்கிக்கொண்டிருக்கும் அவள் அப்பாவின் கட்டை விரலுக்கு என்று எதைப் பார்த்தாலும் துணியைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பாள். வெள்ளை உடுப்பு போடப் போகிறாள் என்று நானும் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

ஐந்தாம் வகுப்பு முடிகிற நேரத்தில் பள்ளியில் கூப்பிட்டார்கள். "இவளுக்கு ஒரு பத்தி சேர்ந்தாப்போல படிக்க வரல. அடுத்த வருஷம் எங்களால முடியாதும்மா, வேற இடம் பாருங்க" என்றார் தலைமையாசிரியை. வீட்டுக்குப் போகாமல் நேரே அக்காவின் அலுவலகத்துக்குப் போனேன். படம் போட்ட அட்டைகளைப் பெட்டி பெட்டியாக மேசையில் பரப்பி, பள்ளிவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் டீச்சர் அனுப்பறியே, என் பொண்ணு உன் கண்ணுக்குத் தெரியலையா?"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அக்கா என்னைத் தண்ணீர் வடிகட்டி இருக்கும் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

"அவ ரெண்டாவது படிக்கும்போதே அவ பள்ளிக்கூடத்துக்குப் போற எங்க டீச்சர் அவளப் படிக்க வச்சுப் பாத்துட்டு, இவளையும் எடுத்துக்கறேன்னாங்கடி. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "என்னது?"

"ஒரு மேசையச் சுத்தி உக்கார்ற அளவுக்குத்தான் பிள்ளைங்க எடுக்க முடியும். மீதிப் பேர் அடுத்த வருஷம்தான். அதுல என் தங்கச்சி பொண்ணு உக்காந்தா, சொந்தக்காரப் பிள்ளைய நுழைச்சுட்டான்னு பேச்சு வரும். அவ இடத்துல வேற பிள்ளையப் போட்டேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு நெனச்சேன். அடுத்த வருஷமும் அதே பயம்."

"சொந்தக்காரப் பிள்ளைக்குக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"இல்ல."

"பக்கத்து சீட்டு ஆள்கிட்ட குடுத்து, நீங்க முடிவு பண்ணுங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். அதுக்கு வழி இருக்கு." அவள் குரல் இறங்கிவிட்டது. "அப்பக்கூட பேசுவாங்கன்னு நெனச்சேன்."

"சரி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே! நான் வெளியில யாரையாவது வச்சுச் சொல்லிக் குடுத்திருப்பேனே!"

"சொன்னா நீ கேப்ப. நீ கேட்டா என்னால முடியாதுன்னு சொல்ல முடியாது."

அன்றைக்கு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பாவி என்றேன். உன் நல்ல பேரை நீயே வைத்துக் கும்பிட்டுக்கொள் என்றேன்.

மறுநாளே அக்கா தன் மேலதிகாரியிடம் போய் நின்றாள். வாசிப்பு டீச்சரை மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் அனுப்புவார்கள், அதுதான் விதி. ஒரே ஒரு பிள்ளைக்கு விலக்கு வேண்டும் என்று கேட்டாளாம். கேட்டுப் பழக்கமில்லாதவள், எப்படிக் கேட்டாளோ தெரியவில்லை. அவர் நல்ல மனிதர், கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. "எத்தன அப்பா அம்மாவ இதே விதியச் சொல்லி நீங்க திருப்பி அனுப்பியிருக்கீங்க மேடம்? இப்ப நான் என்னன்னு கையெழுத்துப் போடறது?" என்று மட்டும் கேட்டாராம். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

பிறகு தானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று தினமும் அலுவலகம் முடிந்து வந்தாள். நான் கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். முகம் கொடுத்துப் பேச மாட்டேன். ஆனால் மகள் அதற்குள் படிக்க வராததை மறைப்பதில் தேறியிருந்தாள். புத்தகத்தைப் பார்த்தாலே தலை வலிக்கும், வயிறு வலிக்கும், தண்ணீர் தவிக்கும். அக்கா பொறுமையாக விரல் வைத்துக் காட்டுவாள். அவள் ஜன்னலைப் பார்ப்பாள்.

பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே ஒரு டீச்சர் விடாப்பிடியாக உட்கார வைத்துப் படிக்க வைத்தார். படிப்பு வந்தது, ஆனால் நொண்டி நொண்டி வந்தது. கேள்வித்தாளைப் படித்து முடிப்பதற்குள் தேர்வு நேரம் பாதி போய்விடும். பள்ளி இறுதித் தேர்வில் தவறினாள். மறுபடி எழுதினாள், மறுபடி தவறினாள். அந்த இரண்டாவது தோல்வியின்போது, அவள் தன்னையே முட்டாள் முட்டாள் என்று தலையில் அடித்துக்கொண்டதைப் பார்க்கப் பொறுக்காமல், நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் மேல் தப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

அவள் கத்தவில்லை. "பெரியம்மாவுக்கு அப்பவே தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று அவள் மருத்துவமனையில்தான் இருக்கிறாள், நர்ஸாக இல்லை. படுக்கை விரிப்பு மாற்றுகிறாள், நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை, நோயாளிகள் அவளை விட மாட்டேன் என்கிறார்கள். ஆனாலும் வெள்ளை உடுப்புப் பெண்கள் அவளைக் கடந்து போகும்போது நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். அக்காவோடு நான் எப்படியோ ராசியாகிவிட்டேன். கூடப் பிறந்தவளை எவ்வளவு நாள் வெட்டிவிட முடியும்? மகள் மட்டும் ஆகவில்லை. விசேஷங்களில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா பெரியம்மா?" என்பாள், அவ்வளவுதான். அந்த மரியாதைதான் அக்காவைக் கொன்றது. "உன்ன மாதிரி கத்தி, ஒரு அறை விட்டிருந்தாக்கூடத் தேவலைடி" என்று ஒரு முறை சொன்னாள்.

அக்கா ஓய்வு பெற்றுவிட்டாள். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண்தான் இப்போது அந்த நாற்காலியில் இருக்கிறாள்.

மகளுக்குக் கல்யாணமாகி, என் பேத்திக்கு இப்போது நான்கு வயது. இன்னும் பேச்சு தெளியவில்லை. 'அம்மா'வுக்கு மேல் இரண்டு மூன்று சொல்தான். மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மழலைப் பள்ளிக்குப் போகிறாள். அவளுக்குப் பேச்சுப் பயிற்சி டீச்சர் வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

"பெரியம்மாகிட்ட ஒரு வார்த்த கேளேன். யாரைப் பாக்கணும்னு சொல்லுவா" என்றேன்.

"அவங்களுக்கு மட்டும் தெரியக் கூடாது. நீ சொன்னேன்னா அப்புறம் நான் இந்த வீட்டுப் பக்கமே வர மாட்டேம்மா" என்றாள் மகள். குரல்கூட உயரவில்லை. நான் அக்காவிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஆபீஸ்ல இருந்து அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. பேச்சு வராத நாலு வயசுப் பிள்ளைக்காக நேத்து ஒரு அம்மா வந்தாங்களாம். உக்காரக்கூட இல்லையாம். 'உங்களுக்கு முன்னாடி இந்த சீட்டுல இருந்தவங்கள உங்களுக்குத் தெரியுமா? பழக்கம்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற வழி பாத்துக்கறேன்'னாங்களாம். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் புரியல. நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டு, 'யாரு மேடம் அது, உங்க மேல அவ்ளோ கோவம்?'னு என்கிட்ட சிரிக்குது."

"நீ என்ன சொன்ன?"

"என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுன்னேன். பாத்ததே இல்லைன்னு சொல்லு, பிள்ளைக்கு டீச்சர மட்டும் உடனே அனுப்பிடுன்னேன்."

"அவங்க யாருன்னு அந்தப் பொண்ணு திரும்பக் கேக்கலையா?"

"கேட்டுச்சு." அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "யாரோ, எனக்குத் தெரியலையேன்னுட்டேன்."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.