பச்சைத் தலைக்குள் ஒரு வரி

பொழுதுபோக்குப் பூங்காவின் பேய்வீட்டில் பதினெட்டு வருடம் அரக்கனாக நின்றவருக்கு எல்லோரும் வைத்த பெயர் நெட்டை. ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட தாடை, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. வேலைக்கு எடுத்த அன்றே மேனேஜர், "உனக்கு மேக்கப் செலவே இல்லப்பா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நெட்டை மன்னிக்கவே இல்லை. மன்னிப்பதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

அவருடைய வேஷம், பிணத்துண்டுகளைத் தைத்து ஒரு விஞ்ஞானி உயிர் கொடுத்த அரக்கன். வேஷம் போட்ட இரண்டாம் வருடம், அந்த அரக்கன் முதன்முதலில் வந்த பழைய நாவலை நூலகத்தில் எடுத்துப் படித்தார். படித்ததும் வயிறு எரிந்தது. புத்தகத்தில் அரக்கன் பேசுகிறான்! மணிமணியாகப் பேசுகிறான், அழுகிறான், கொலையும் செய்கிறான், படைத்தவனை நிற்க வைத்து நியாயம் கேட்கிறான். பின்னால் வந்த சினிமாக்காரர்கள்தான் அவன் வாயை அடைத்து, கழுத்தில் போல்ட்டைச் சொருகி, வெறுமனே உறும விட்டிருக்கிறார்கள்.

"ஒரே ஒரு வரி பேசிக்கிறேன் சார்" என்று வருடம் தவறாமல் மேனேஜரிடம் போய் நிற்பார்.

"உறுமுறதுக்குத்தான் சம்பளம். போய் உறுமு."

வீட்டுக்கு வந்தால் மனைவி, "மறுபடியும் மூக்கறுபட்டு வந்தாச்சா?" என்பாள். பதிலுக்கு அவர் தட்டை நங்கென்று வைப்பார்.

இந்த வருடம் அந்த உறுமலும் போயிற்று. டிவியில் ஒரு கார்ட்டூன் வந்து, அரக்கன் பெரிய கண்ணோடு எல்லோரையும் கட்டிப்பிடிக்கிற செல்லப்பிள்ளை ஆகிவிட்டான். டூத்பிரஷ்ஷில் அவன், ஸ்கூல் பேகில் அவன். கொலைகாரனைக் கொஞ்சுகிற காலம்! பேய்வீட்டுக்கு ரோஸ் வண்ணம் அடித்து, பிறந்தநாள் அரங்கம் என்று பலகை மாட்டினார்கள். நெட்டைக்கு ஸ்பாஞ்சில் செய்த பச்சைத் தலை ஒன்றைக் கொடுத்தார்கள். வாயில் இருந்த தையல் இப்போது சிரிப்பாக வளைந்திருந்தது. உள்ளே ஒரே பசை நாற்றம்.

முதல் பிறந்தநாள் விழாவிலேயே அவர் முடிவுகட்டிவிட்டார். வேலை போனால் போகட்டும், இன்று பேசியே தீருவது. ஆட்டம் முடிந்ததும், இத்தனை வருடம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த தன் வரியைச் சொன்னார். ஸ்பாஞ்ச் அதை அப்படியே விழுங்கிவிட்டது. கூட்டம் கைதட்டியது. ஐந்து வயது பிறந்தநாள்காரி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

நெட்டை தலையைக் கழற்றினார். வியர்வை சொட்டச் சொட்ட, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"என்னைப் படைத்தவனே என் முகத்தைப் பார்த்து ஓடிவிட்டான். நான் யாரிடம் போவேன்?"

குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். வீறிட்டுக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள். அப்பாக்காரன் எகிறினான்: "யோவ், அந்தத் தலைய மாட்டுய்யா! மூஞ்சியப் பார்த்தாலே புள்ள நடுங்குது."

மேனேஜரும் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மொதல்ல மூஞ்சிய மூடு. மூடலன்னா இப்பவே வீட்டுக்குக் கெளம்பு!"

"நீங்களே மாட்டிக்கங்க சார். உங்களுக்குத்தான் பொருந்தும்" என்று தலையை அவர் கையில் திணித்துவிட்டு நெட்டை வெளியே நடந்தார்.

பின்னால் குழந்தையின் அழுகை கேட்டது. போகாதே என்றுதான் அழுதாள், மேனேஜர் எடுத்துக்கொண்டு போன பச்சைத் தலையைப் பார்த்து.